வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்குகிறவர்களுக்கு

ஒலிபெருக்கி விற்கும் கடைக்குள் நுழைந்து, வீட்டில் வைத்துக் கேட்பதற்கு உகந்ததாக ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்கிறவருக்கு விற்பனையாளர் முதலில் ஓடவிட்டுக் காட்டுவது, அநேகமாக, நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் முழக்கமும் காதைக் கூசவைக்கும் ஜாலரி ஓசையும் நிறைந்த ஒரு திரைப்பாட்டாகவே இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் வந்தவர் பிரமித்துப் போகிறார். பணத்தைக் கொடுத்துச் சாதனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து விடுகிறார். ஆனால் நாள்தோறும், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தபடி அவர் கேட்கப்போவது ஒரு ராக ஆலாபனையும், பழைய பாட்டு ஒன்றின் குரலும், செய்தி வாசிப்பும், நாடக வசனமுமே அல்லவா? கடையில் அவரை மயக்கிய அடித்தொனியிலும் உச்சிக் கூர்மையிலும் இவற்றின் உயிர் இல்லை. இரண்டுக்கும் நடுவே, கடைக்காரர்கள் ‘மிட்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த நடு ஒலிப்பகுதியில்தான் இருக்கிறது. ஊறுகாயையும் அப்பளத்தையும் மட்டும் ருசி பார்த்துவிட்டுச் சமையற்காரரை அமர்த்திக்கொள்வதைப் போன்றது நாம் செய்யும் காரியம். சோறு எப்படி வெந்திருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

மனிதச் செவி, விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்கவல்லது என்பது பாடப்புத்தகக் கணக்கு. இந்த அதிர்வு எண்ணை ஹெர்ட்ஸ் என்ற அளவால் குறிக்கிறோம். பேசும்போது ஆண் குரலின் ஆதார நாதம் சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண் குரலின் ஆதார நாதம் சுமார் 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரையிலும் அமைகிறது. எனினும் இன்னார் பேசுகிறார், இன்ன சொல்லைச் சொல்கிறார் என்று நமக்கு அடையாளம் காட்டுவது அந்த ஆதார நாதம் அன்று. அதன்மேல் அடுக்கடுக்காக எழுந்து, சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிநிற்கும் மேல்நாதங்களே அந்த வேலையைச் செய்கின்றன. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்திற்று. அதைக் கொண்டே உலகம் முழுவதும் வியாபாரமும் குடும்பமும் நடத்த முடிந்தது. மேலும், வெளிக்காதின் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளதாகையால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளுக்கு இயற்கையாகவே ஒத்ததிர்ந்து அவற்றை மிகுவித்துக் கொடுக்கிறது. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்ஸனும் செய்த சோதனைகள், இந்தப் பகுதியில்தான் செவியின் கூருணர்வு உச்சத்தில் இருக்கிறது என்பதை வரைபடமாகவே காட்டிவிட்டன. ஆகவே 40 ஹெர்ட்ஸில் ஒரு குறை இருந்தால் காது பொறுத்துக்கொள்ளும். 2,000 ஹெர்ட்ஸில் இருந்தால் பொறுக்காது.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிப்பட்ட சௌகரியம் உண்டு. ல, ள, ழ என்ற மூன்று எழுத்துக்களையும் நாவின் நுனி எங்கே எப்படி வளைகிறது என்பதைக் கொண்டே நாம் வேறுபடுத்துகிறோம்; அந்த வளைவு ஒலியில் விட்டுச்செல்லும் சுவடு, பெரும்பாலும் 1,500 ஹெர்ட்ஸுக்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்டது. நல்ல உச்சரிப்புள்ள ஒருவர் பேசிய சொற்பொழிவு ஒன்றை ஒலிபெருக்கியில் கேட்டு, ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்பன போன்ற சொற்கள், வாக்கியத்தின் பொருளைக் கொண்டு ஊகிக்க வேண்டாதபடி, தாமாகவே பிரிந்து கேட்கின்றனவா என்று பார்ப்பது, எந்தக் கருவியும் இல்லாமல் நம்மால் செய்யக்கூடிய அருமையான பரிசோதனை.

சங்கீதத்துக்கு வருவோம். கர்நாடக சங்கீதத்தின் ஜீவன் கமகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் வழுக்கிச் செல்லும்போது, இடையிலே ஒலிபெருக்கி ஓரிடத்தில் அநாவசியமாக எடுத்துக்கொடுத்து வேறோரிடத்தில் அமுக்கிவிடுமானால், பாடகர் செய்யாத ஒரு குலுக்கல் பாட்டில் ஏறிவிடுகிறது. தம்புரா இன்னும் கண்டிப்பானது. அதன் குதிரையின்மேல், தந்திக்கு அடியில் செருகப்படும் சிறு நூலான ஜீவாளியும் குதிரையின் சரிந்த முதுகும் சேர்ந்து, சாதாரணத் தந்தி வாத்தியங்களில் எழாத மேல்நாதங்களைக்கூட எழுப்புகின்றன என்பதைச் சி. வி. ராமன் 1921-ல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். மிருதங்கத்தின், கரணை என்னும் கரும்பசை பூசிய வலந்தலையிலிருந்து சுருதியோடு இசைந்த மேல்நாதங்கள் எழுவதையும் அவரே ஆராய்ந்தார். இந்த மேல்நாதங்களில் பெரும்பகுதி நடு ஒலிப்பகுதியில்தான் வந்து விழுகிறது. நல்ல ஒலிபெருக்கியில் தம்புரா, பாடகருக்குப் பின்னால் தனியாக ஓர் இடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு மீட்டலிலும் நாதம் மலர்ந்து அடங்குவது தெரியும்படி ஒலிக்கும். மட்டமானதில் அது ஒரு தொடர்ந்த இரைச்சலாகக் குழம்பிவிடும்.

நடுப்பகுதி உரக்கக் கேட்டால் அதுவே தெளிவு என்று ஒருவர் எண்ணிவிடக் கூடாது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர், ஏறக்குறைய நடுப்பகுதியை மாத்திரமே ஒலிக்கிறது. ஊர்க்கோடி வரையில் சொல் புரியவும் செய்கிறது. ஆயினும் அதில் கேட்கும் எல்லாக் குரலும் ஒரே மூக்கால் பேசுகின்றன. காரணம், குழாயின் சொந்த அதிர்வுகள் ஒவ்வொரு குரலின்மேலும் தம் முத்திரையைப் பதித்துவிடுவதுதான். இதற்கு நேர்மாறாக, பழைய வால்வு ரேடியோவின் குரல் இனிமையாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: மத்திய அலை ஒலிபரப்பில் சுமார் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் வருவதில்லை, பெரிய மரப்பெட்டியில் ஒரே ஒரு காகிதக் கூம்பு, ஒலியைப் பங்கிடும் சுற்று எதுவும் இல்லாமல், கிடைத்ததை அப்படியே சொல்லிற்று. அது முழுமையான ஒலி அன்று. ஆனால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைந்திருந்ததால் குரல் நடுவே நிதானமாக நின்றது. ஆகவே நாம் தேடவேண்டிய குணம், நடுப்பகுதி தூக்கலாக இருப்பது அன்று. அதன் நெடுகிலும் மேடுபள்ளம் இல்லாமலும், ஒலி நின்ற கணத்தில் பெட்டியும் கூம்பும் தாமும் நின்றுவிடுவதாகவும் இருப்பது.

இந்தக் குணத்தையே முதற்குறிக்கோளாக வைத்து, விற்பனையைப் பற்றிய கவலையே இல்லாமல், ஓர் ஒலிபெருக்கியை வகுத்த வரலாறு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்ற மாளிகையில் பிபிசி ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு பல்லாண்டு காலம் இயங்கிவந்தது. வெளியிடங்களிலிருந்து நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வண்டிகளுக்குள், தலைமேல் இடிக்கும் அளவுக்கு இடநெருக்கடி இருந்தமையால், ஒருவர் பேசுவது உள்ளபடி ஒலிபரப்பாகிறதா என்று கேட்டறிவதற்கு ஒரு சிறிய பெட்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1970-களின் முற்பகுதியில் அவர்கள் வகுத்த அந்தப் பெட்டிக்கு எல்எஸ்3/5ஏ என்று பெயர். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. இரண்டு கைகளால் அணைத்து எடுத்துவிடலாம். உள்ளே கெஃப் என்ற கம்பெனி செய்த இரண்டே ஒலிப்பான்கள்: கீழும் நடுவும் ஒலிக்க பெக்ஸ்ட்ரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன சிறு கூம்பு ஒன்று, மேலே ஒலிக்க 19 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழ் ஒன்று. காகிதக் கூம்புகள் ஒன்றைப்போல் ஒன்று அமைவதில்லை என்பதாலேயே அந்தப் பொறியாளர்கள் பிளாஸ்டிக்கை நாடினார்கள்.

அந்தப் பெட்டியில் அவர்கள் காட்டிய சிரத்தையைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை மிகுகிறது. மரப்பலகையைத் தடிமனாக்கி அதிர்வை அடக்கப் பார்ப்பதற்குப் பதிலாக, பன்னிரண்டு மில்லிமீட்டர் பிர்ச் ஒட்டுப்பலகையை எடுத்து, அதன் உட்புறத்தில் அதிர்வைத் தின்றுவிடும் கனமான பட்டைகளை ஒட்டி, எஞ்சும் அதிர்வு குரலுக்கு ஊறுசெய்யாத இடத்துக்கு ஒதுங்குமாறு செய்தார்கள். மேலொலிக் குமிழைச் சுற்றிக் கம்பளி அட்டையை ஒட்டி, பெட்டியின் விளிம்பில் ஒலி பட்டுத் தெறிப்பதைத் தடுத்தார்கள். ஒலிப்பான்களின் தன்மை தயாரிப்பில் சிறிது மாறிவிட்டதைக் கண்டபோது, பரவாயில்லை என்று விட்டுவிடாமல், ஒலியைப் பங்கிடும் சுற்றையே மறுபடி வகுத்தார்கள். பெயரின் இறுதியில் உள்ள ‘ஏ’ அந்தத் திருத்தத்தின் அடையாளம். பேசுகிற ஆளை நேரே கேட்பது, அதே குரலை ஒலிபெருக்கியில் கேட்பது, இரண்டையும் ஒப்பிடுவது என்பதே பிபிசிக்காரர்களின் நெடுநாளைய பழக்கம். மனிதக் குரலை நாம் பிறந்தது முதல் கேட்டுவருவதால், அதில் நேரும் சிறு மாற்றமும் ஒளியாது என்பது அவர்கள் கண்ட உண்மை. இப்பெட்டியின் அமைப்பை விவரிக்கும் அறிக்கையை 1976-ல் பகிரங்கமாகவே வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்த ஸ்பென்ஸர் ஹ்யூஸ் 1969-ல் ஸ்பெண்டார் கம்பெனியையும், டட்லி ஹார்வுட் 1977-ல் ஹார்பெத் கம்பெனியையும் தொடங்கினார்கள். எல்எஸ்3/5ஏ பெட்டியை இன்றும் சில கம்பெனிகள் செய்து விற்கின்றன. அதற்கும் குறைகள் உண்டு: ஆழ்ந்த அடித்தொனி கிடையாது, பெரிய கூடத்தை நிரப்பும் உரப்பும் கிடையாது. குரலுக்காக அவர்கள் தெரிந்தே கொடுத்த விலை அது.

வேறொரு வழியில் இதே இலட்சியத்தை அடைந்தவர் பீட்டர் வாக்கர். அவருடைய குவாட் கம்பெனி 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பே இல்லை. துளைகளுள்ள இரண்டு தகடுகளுக்கிடையே, உயர்ந்த மின்னழுத்தத்தில், மிக மெல்லிய பிளாஸ்டிக் திரை ஒன்று முழுப் பரப்பும் ஒருங்கே அசைகிறது. கனமே இல்லாத அந்தத் திரை, அசை என்றால் அசைந்து நில் என்றால் நிற்பதால், அதன் நடுப்பகுதித் தெளிவு இன்றளவும் ஓர் அளவுகோலாகப் பேசப்படுகிறது.

நம்மில் பெரும்பாலோர் வாங்கப்போவது கூம்பு உடைய பெட்டிகளையே ஆகையால், கூம்பின் ஸ்வபாவத்தைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது; ஆகவே 1,700 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 20 சென்டிமீட்டர். கூம்பின் குறுக்களவும் அதுவே ஆனால், அந்த எண்ணுக்கு மேற்பட்ட ஒலி நாலா பக்கமும் பரவாமல் நேர்முன்னே ஒடுங்கிப் பாயத் தொடங்குகிறது. நடுவில் அமர்ந்தவருக்கு ஒரு குரல், ஓரத்தில் அமர்ந்தவருக்கு வேறு குரல். எட்டு அங்குலக் கூம்பு ஒன்றை மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை இழுத்து, அங்கே சிறு குமிழ் ஒன்றிடம் ஒப்படைக்கும் மலிவான பெட்டிகளில் குரல் பிளவுபடுவது இதனால்தான். அந்த ஒப்படைப்பு, செவி மிகவும் விழிப்பாக இருக்கும் இடத்திலேயே நிகழ்கிறது. ஐந்து அல்லது ஆறு அங்குலக் கூம்பும், ஒலியைப் பங்கிடும் கிராஸ்ஓவர் சுற்று நன்கு வகுத்ததும் உள்ள இரண்டு ஒலிப்பான் பெட்டி இவ்விஷயத்தில் பாதுகாப்பானது. நடுப்பகுதிக்கென்றே தனி ஒலிப்பான் வைத்த மூன்று பங்குப் பெட்டி, கொள்கையளவில், இதனினும் மேலானது. ஏனெனில் அடித்தொனிக்காக முன்னும் பின்னும் பாய்ந்துகொண்டிருக்கும் கூம்பின்மேலேயே குரலும் ஏறிச் சவாரி செய்யவேண்டியதில்லை. ஆனால் ஒப்படைக்கும் இடங்கள் இரண்டாகின்றன, செலவும் ஏறுகிறது. குறைந்த விலையில் மூன்று பங்கு என்று விளம்பரம் செய்யப்படும் பெட்டியைவிட, அதே விலையில் ஒழுங்காகச் செய்த இரண்டு பங்குப் பெட்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

காகிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்களில் நம்பத்தக்கவை சிலவே. பி.எம்.பி.ஓ. வாட் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதற்கு வரையறுத்த அளவுமுறை எதுவும் கிடையாது. அதைப் படிக்காமலே விட்டுவிடலாம். ‘40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று மொட்டையாகச் சொன்னாலும் பிரயோஜனமில்லை. அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், மூன்று டெசிபலுக்குள் என்றால் மதிக்கத்தக்கது. சென்ஸிட்டிவிட்டி, அதாவது கொடுத்த சக்திக்குப் பெட்டி எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்ற எண்ணைக் கவனிப்பது அவசியம். எல்எஸ்3/5ஏ போன்ற பெட்டிக்கு அது சுமார் 83 டெசிபல். 89 டெசிபல் உள்ள பெட்டி எழுப்பும் அதே உரப்பை எழுப்ப அதற்கு நான்கு மடங்கு சக்தி தேவை. ஆகவே வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிறியதானால், கடையில் நன்றாகப் பாடிய பெட்டி வீட்டில் திணறக்கூடும். கம்பி விஷயத்தில் மயங்க வேண்டாம். போதிய தடிமன் உள்ள சாதாரணச் செம்புக் கம்பி போதும்.

இனி, கேட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை. 1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி, திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை வைத்து, எது ஒலிக்கிறது என்று தெரியாத நிலையில் பலரைக் கேட்கச் செய்தார். பெயரும் விலையும் அழகும் மறைந்தபோது மக்களின் ரசனை ஆச்சரியப்படும்படி ஒன்றுபட்டது: நேரே மேடுபள்ளமின்றியும், பக்கவாட்டில் சீராகவும் ஒலிப்பவற்றையே பெரும்பாலோர் விரும்பினார்கள். பெட்டிகளைக் கண்ணால் பார்த்தபடி கேட்டபோது அதே செவிகள் தடுமாறின என்பதையும் பின்னர் அவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். இரண்டு பெட்டிகளை ஒன்றாக ஒலிக்கச்செய்து கேட்பதைவிட, ஒரே ஒரு பெட்டியைத் தனித்துக் கேட்கும்போது குறைகள் நன்றாக வெளிப்படுகின்றன என்பதும் அவர் கண்டதே. கடையில் நீங்கள் செய்யவேண்டியதும் அதுதான். ஒப்பிடும் இரண்டு வகைகளின் உரப்பையும் சமமாக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் உரக்க ஒலிப்பதுகூட, உரப்பாகத் தோன்றாமல், தெளிவாகத் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும். முதலில் பேச்சு, பிறகு தனிக்குரல், வாத்தியக் கூட்டம் கடைசியில்.

எந்தக் குரல் என்று கேட்பீர்களானால், உங்கள் வீட்டாரின் குரலையே சொல்வேன். மனைவியையோ தம்பியையோ மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, சுவர் எதிரொலி இல்லாத திறந்த வெளியில், ஒரு பத்திரிகைப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். கடைக்கு அவரையும் கூட்டிச் செல்லுங்கள். பெட்டியின் அருகில் நின்று அவர் பேசுவதையும் பெட்டி பேசுவதையும் மாறிமாறிக் கேட்டால், பானைக்குள்ளிருந்து வரும் தொனியோ, மூக்கடைப்போ, சகரத்தில் சீறலோ இருந்தால் உடனே அகப்பட்டுவிடும். பாட்டுக்கு, எம். டி. ராமநாதனின் கீழ்ஸ்தாயிக் குரலையும் எம். எஸ். சுப்புலட்சுமியின் மேல்ஸ்தாயிக் குரலையும் எடுத்துச் செல்வது என் வழக்கம். முன்னதில் பெட்டி பொருமுவதும், பின்னதில் குமிழ் கீறுவதும் மறைவதில்லை. அரைமணி நேரம் கேட்டபின் காது களைத்திருந்தால், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அதை விட்டுவிடலாம்.

இத்தனையும் செய்து வாங்கிய பெட்டியை, நம் வீடுகளில் பெரும்பாலும், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். இதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. மாடத்துக்குள்ளும் மூலையிலும் வைத்த பெட்டியின் அடித்தொனி வீங்கி, குரலை மூடிவிடும். பின்சுவரிலிருந்து குறைந்தது அரை மீட்டராவது தள்ளி, உறுதியான தாங்கியின்மேல், மேலொலிக் குமிழ் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வரும்படி நிறுத்தி, இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். சிமெண்டுச் சுவரும் வழுவழுப்பான டைல்ஸ் தரையும் உள்ள நம் கூடங்கள் வெயிலுக்குக் குளிர்ச்சி, குரலுக்குப் பகை. கைதட்டிப் பாருங்கள், ஓசை ‘ட்ரிங்’ என்று இழுத்தால், சொற்களும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று விழும். தரையில் விரித்த பவானி ஜமுக்காளம் மேலொலிகளை மட்டும் ஓரளவு அடக்கும். நடுப்பகுதிக்குக் கனத்த திரைச்சீலையும், பஞ்சு மெத்தை போட்ட ஆசனமும், புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் வேண்டும். மின்விசிறியின் இரைச்சல், தம்புரா அடங்கும் அந்தக் கடைசி நாதத்தை விழுங்கிவிடும்; முடிந்தபோது அதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கையில் உள்ள தொகை எவ்வளவானாலும், என் தீர்ப்பு இது: பெட்டிக்கென்று ஒதுக்கியதில் ஒரு பங்கைத் தாங்கிக்கும் திரைச்சீலைக்கும் பிரித்துவைத்துக்கொண்டு, மீதியில் சிறிய, நேர்மையான இரண்டு பங்குப் பெட்டி ஒரு ஜோடியை வாங்குங்கள், அடித்தொனி போதவில்லை என்று தோன்றினால் பின்னொரு நாள் சப்வூஃபர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கெட்டுப்போன நடுப்பகுதியைப் பின்னால் எதைச் சேர்த்தும் சரிசெய்ய முடியாது. விற்பனை செய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் வந்ததும் முழக்கத்தை ஓடவிடாமல், அமைதியான ஓர் அறையில், ஒரே ஒரு பெட்டியில், ஒரு மனிதர் தமிழ் பேசுவதைப் பத்து நிமிஷம் கேட்க இடம் கொடுங்கள்.